களியக்காவிளையில் நிற்கிற போன் எந்த மாநிலத்தில் இருக்கு?

டிவியில க்ரைம் நியூஸ் பார்க்கிறவங்களுக்கு 'டவர் லொக்கேஷன்'ங்கிற வார்த்தை மனப்பாடம் ஆகியிருக்கும். சினிமாவுலயும் அதே கதைதான். கம்ப்யூட்டர் முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து நாலு தட்டு தட்டுவார், மேப்புல சிவப்பா ஒரு புள்ளி மின்னும், "சார், சிக்கிட்டான்"ம்பார், ஜீப் கிளம்பிரும்.

களியக்காவிளைக்காரன்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, சிரிப்பான். எங்க ஊர்ப் பக்கம் கடை வாசல்ல நிக்கிற ஆள் ஒரு அடி நகர வேண்டாம், அவர் கையில இருக்கிற போன் மட்டும் கேரளாவுக்குப் போயிட்டு வந்துரும்.

ஒரு போன் நிஜமா எங்கே இருக்குன்னு நெட்வொர்க்குக்கு எவ்வளவு தூரம் தெரியும்? அந்தச் சிவப்புப் புள்ளியை எந்த அளவுக்கு நம்பலாம்? அந்தப் புள்ளியோட வரலாறுதான் இந்தப் பதிவு. எழுதுறது பொட்டி தட்டுற ஆளுங்கிறதால நடுவுல கொஞ்சம் டெக்னிக்கல் வரும். பொறுத்துக்கங்க மக்கா :-)

கோடு போட்ட கதை

முதல்ல கோடு. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைஞ்சப்போ, திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் பிரிஞ்சு கன்னியாகுமரி மாவட்டமா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. மார்ஷல் நேசமணி, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூடு எல்லாம் தனிப்பதிவுக்கான விஷயம். நமக்கு வேண்டியது இதுதான்: விளவங்கோடு இந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம். நாகர்கோவில்-திருவனந்தபுரம் ரோடு இந்த எல்லையைத் தாண்டுற இடம் களியக்காவிளை. அடுத்தது பாறசாலை. போர்டைப் படிச்சாத்தான் மாநிலம் மாறினதே தெரியும். பேச்சை வச்சும் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டு பக்கமும் ரெண்டு மொழியும் ஓடும்.

இந்தியாவுல முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்னைக்கு. கல்கத்தாவுல இருந்து ஜோதிபாசு டெல்லியில இருந்த சுக்ராமோட பேசினார். பெருநகரங்கள் போக மிச்ச நாட்டை அரசாங்கம் 'வட்டம்' வட்டமா பிரிச்சு லைசென்ஸ் கொடுத்தது. அந்த வட்டங்கள் ஏறக்குறைய மாநில எல்லையிலேயே நின்னுச்சு. அதாவது 1956-ல தாலுகா கணக்குல போட்ட கோடு, நாப்பது வருஷம் கழிச்சு ரேடியோ அலைக்கும் கோடு ஆயிருச்சு.

கேரளா முந்திக்கிட்டது. 1996 செப்டம்பர் 17 அன்னைக்கு கொச்சியில எஸ்கோடெல் போன்ல முதல் அழைப்பைப் பேசினவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. தமிழ்நாடு வட்டத்துல ஏர்செல் 1999-ல வந்தது. பி.எஸ்.என்.எல். செல்ஒன் 2002-ல. அதுக்கப்புறம்தான் எங்க பக்கத்துல சாமானியன் கைக்கு போன் வந்து சேர்ந்தது.

நெட்வொர்க்கோட நோட்டுப் புத்தகம்

ஒரு போனை எப்படி அடையாளம் வைக்கிறாங்க? ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு நம்பர் உண்டு. உதாரணமா ஏர்டெல் தமிழ்நாட்டுக்கு 404-94, ஏர்டெல் கேரளாவுக்கு 404-95. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். கம்பெனி ஒண்ணாவே இருந்தாலும் நம்பர் மாறினா 'வெளியூர்' கணக்கு.

உங்க சிம் பத்தின விவரம் சொந்த நெட்வொர்க்கோட பதிவேட்டுல இருக்கும். இதுக்குப் பேரு எச்.எல்.ஆர். நீங்க வேற இடத்துக்குப் போனா, அங்கே இருக்கிற விருந்தாளி நோட்டுல (வி.எல்.ஆர்.) உங்க பேரை எழுதிக்கிட்டு, "உங்க ஆள் இங்கே வந்திருக்கார்"னு சொந்த ஊருக்குத் தகவல் அனுப்புவாங்க. லாட்ஜுல ரிஜிஸ்டர் எழுதுற மாதிரின்னு வச்சுக்கங்க. இந்த எழுத்து சரியா இருந்தாத்தான் உங்களுக்கு வர்ற அழைப்பு உங்களை வந்து சேரும். அதனால எந்த நாடு, எந்த நெட்வொர்க்ங்கிற கேள்விக்கு இந்த நோட்டு ரொம்ப உஷாரான பதில் வச்சிருக்கும்.

ஆனா எந்தத் தெரு? அதைத் தெரிஞ்சுக்க வேண்டிய தேவையே அதுக்கு இல்ல. நீங்க பேசாம சும்மா இருக்கும்போது, பல டவர்கள் சேர்ந்த ஒரு பெரிய ஏரியாவுக்குள்ள எங்கேயோ இருக்கீங்கன்னு மட்டும்தான் அந்த நோட்டுல இருக்கும். அழைப்பு வந்தா அந்த ஏரியா முழுக்க தண்டோரா போட்டுக் கூப்பிடும், போன் "இதோ இருக்கேன்"னு பதில் சொல்லும். பேசும்போது எந்த டவரோட எந்தப் பக்கத்து ஆன்டெனாவைப் பிடிச்சீங்கன்னு பில்லுக்கான பதிவுல விழும். போலீஸ் வாங்குற கால் ரெக்கார்டுல 'டவர் லொக்கேஷன்'னு பொதுவா இருக்கிறது இதுதான். இது ஆன்டெனாவோட முகவரி. ஆள் நின்ன இடத்தோட முகவரி கிடையாது.

தூரத்தை அளக்கவும் ஒரு வழி இருக்கு. சிக்னல் போயிட்டு வர்ற நேரத்தை வச்சு 2ஜி நெட்வொர்க் கணக்குப் போடும். அதோட ஒரு படி சுமார் 550 மீட்டர். மொத்தம் 63 படி, அதாவது ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 4ஜியில ஒரு படி சுமார் 78 மீட்டரா குறைஞ்சது. இருந்தாலும் ஒரே டவரை வச்சு அளந்தா கிடைக்கிறது புள்ளி கிடையாது, வட்டத்தோட ஒரு துண்டு. பிறைநிலா மாதிரி. அந்தப் பிறைக்குள்ள பல தெரு இருக்கும், எங்க ஊர்னா ரெண்டு மாநிலமே இருக்கும்.

போன் எப்பவும் பக்கத்து டவரைத்தான் பிடிக்கும்னு சொல்லவும் முடியாது. எது நல்லா கேக்குதோ அதைப் பிடிக்கும். நடுவுல மேடு, கட்டடம், தென்னந்தோப்பு, டவர்ல நெரிசல்னு எத்தனையோ இருக்கு. பக்கத்து டவர் களியக்காவிளையில இருக்க, போன் பாறசாலைப் பக்கம் தாவுறது இதனாலதான்.

ரோமிங் காலம்

இந்தத் தாவலுக்கு நாங்க காசு கட்டின கதை இருக்கே! 2007-ல டிராய் வச்ச உச்சவரம்புப்படி ரோமிங்ல இருக்கும்போது வர்ற அழைப்புக்கு நிமிஷத்துக்கு 1 ரூபாய் 75 காசு வரைக்கும் வாங்கலாம். வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து போனை எடுத்தாலும் 'கேரளா போனதா' பேலன்ஸ் கழியும். எங்க வீட்டுலயும் கழிஞ்சிருக்கு. கஸ்டமர் கேர்ல கேட்டா, "நீங்க அந்த நேரத்துல கேரளாவுல இருந்தீங்க சார்"னு கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வாங்க. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, எல்லாக் கம்பெனியோட கம்ப்யூட்டரும் இதைத்தான் சொல்லிச்சு. விவரம் தெரிஞ்சவங்க போன் செட்டிங்ஸ்ல போய், தானா நெட்வொர்க் தேடுறதை நிறுத்திட்டு, கையால தேர்ந்தெடுத்து வச்சுக்குவாங்க.

2013 ஜூலையில அந்த உச்சவரம்பு 75 காசாச்சு, 2015 மே மாசம் 45 காசாச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாம வந்து இறங்கவும், 2017-ல மத்தவங்களும் எடுத்துட்டாங்க. எல்லைக்காரன் தலைவலி தீர்ந்தது.

கட்டணம்தான் போச்சு. "நீங்க அந்த நேரத்துல கேரளாவுல இருந்தீங்க சார்"ங்கிற வாக்கியம் போகல. கஸ்டமர் கேர்ல சொன்னா நஷ்டம் ரெண்டு ரூபாய். அதே வாக்கியத்தை கோர்ட்டுல சொன்னா?

கோர்ட்டுக்குப் போன டவர்

போலீசுக்கு இந்தப் பதிவு வேணுங்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. 2020 ஜனவரி 8 ராத்திரி எங்க களியக்காவிளை சோதனைச்சாவடியில டியூட்டியில இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்னாங்க. தேடப்பட்ட ரெண்டு பேரை ஒரு வாரத்துக்குள்ள கர்நாடகாவுல உடுப்பியில வச்சுப் பிடிச்சாங்க. ஒரே ராத்திரியில ஆள் மாநிலம் தாண்டிரக்கூடிய ஊர் இது. இங்கே இருந்துக்கிட்டு 'யாரையும் தேடாதே'ன்னு சொல்ல முடியாது. கம்பெனிகள் கால் ரெக்கார்டை ஒரு வருஷம் வச்சிருக்கணும்னு இருந்த விதி 2021 டிசம்பர்ல ரெண்டு வருஷம் ஆச்சு.

நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குல 2005-ல உச்ச நீதிமன்றம் கால் ரெக்கார்டுகளை, தனிச் சான்றிதழ் இல்லாமலே சாட்சியமா ஏத்துக்கிட்டது. 2014-ல அன்வர் வழக்குல அது மாறி, சாட்சியச் சட்டம் 65பி-யின் கீழ் சான்றிதழ் கட்டாயம்னு ஆச்சு. 2020 ஜூலையில அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல அதையே மூணு நீதிபதிகள் அமர்வு உறுதி பண்ணிச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டத்துல அது 63-வது பிரிவு.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். அந்தச் சான்றிதழ் சொல்றது, 'இந்தப் பேப்பர் இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து ஒழுங்கா எடுத்தது'ன்னு மட்டும்தான். அந்த டவரோட சிக்னல் எவ்வளவு தூரம் எட்டும், எல்லைக்கு அந்தப் பக்கமும் விழுமாங்கிறதெல்லாம் அதுல இருக்காது. பேப்பர் உண்மையா இருக்கலாம், அதை வச்சு எடுக்கிற முடிவு தப்பாப் போகலாம்.

இது கற்பனை பயம் இல்ல. அமெரிக்காவுல போர்ட்லண்ட் நகரத்துல 2002-ல நடந்த ஒரு கொலை. ஒரு பொண்ணோட போன் பிடிச்ச டவரை வச்சு, பிணம் கிடந்த பூங்காவுலதான் அவங்க இருந்தாங்கன்னு நிரூபிச்சுருவாங்கன்னு அவங்களோட வக்கீலே நம்பினார். 2004-ல அந்தப் பொண்ணு குற்றத்தை ஒத்துக்கிட்டு சிறைக்குப் போனாங்க. ஒரு டவரை வச்சு அவ்வளவு துல்லியமா சொல்லவே முடியாதுன்னு விளங்கி, தண்டனை ரத்தாகி அவங்க வெளியே வந்தது 2014-ல. சும்மா பத்து வருஷம் மக்கா.

டென்மார்க் கதை இன்னும் பெருசு. போன் கம்பெனிகள் தர்ற பதிவை போலீசுக்குப் புரியுற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர்ல பிழை. சில பதிவுகள் விட்டுப்போச்சு, சில போன்கள் தப்பான டவரோட சேர்ந்துச்சு. 2019-ல இது வெளியே வரவும், 2012-ல இருந்து நடந்த 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாச்சு. ரெண்டு மாசம் செல்போன் இருப்பிடத்தைச் சாட்சியமா வைக்கிறதையே நிறுத்தி வச்சாங்க. காவல்ல இருந்த முப்பதுக்கும் மேற்பட்டவங்களை விட்டாங்க. சாஃப்ட்வேர் எழுதுறவனா எனக்கு வயித்தைக் கலக்கின செய்தி இது. யாரோ நம்மளை மாதிரி ஒருத்தன் எழுதின நாலு வரி கோடுதானே அது?

அதுக்காக டவர் பதிவு குப்பைன்னு சொல்ல வரல. 'இங்கே இருந்தான்'னு சொல்றதைவிட 'அங்கே இல்ல'ன்னு சொல்றதுல அது கெட்டி. போன் சென்னையில ஒரு டவரோட பேசிக்கிட்டு இருந்தா, அதே நிமிஷத்துல அது களியக்காவிளையில இருக்க வழியே கிடையாது. ஆனா 'களியக்காவிளை டவர்'னு இருந்தா, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, போன் யார் கையில இருந்துச்சு எல்லாமே மிச்சம் நிக்கிற கேள்வி.

கொரோனாவுல வந்த அதே கேள்வி

2020-ல எல்லையை மூடினப்போ களியக்காவிளை திரும்ப நிஜமான எல்லை ஆச்சு. பாஸ் இல்லாம தாண்ட முடியாது. அந்த ஆகஸ்ட்ல கேரள போலீஸ் கொரோனா நோயாளிகளோட கால் ரெக்கார்டுகளை வாங்கச் சொல்லி சுற்றறிக்கை விட்டது. எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ரமேஷ் சென்னித்தலா உயர் நீதிமன்றம் போனார். யார்கிட்ட பேசினாங்கங்கிறது வேண்டாம், டவர் லொக்கேஷன் மட்டும் போதும்னு அரசு சொல்லவும் வழக்கு முடிஞ்சது.

'டவர் லொக்கேஷன் மட்டும்'னு கேக்கும்போது ஏதோ சின்ன விஷயம் மாதிரித்தான் இருக்கு. போனை வச்சு ஆள் எங்கெங்கே போனார்னு பட்டியல் போட்டா, எல்லையோரத்துல இருக்கிறவர் வீட்டை விட்டு நகராமலே அடுத்த மாநிலம் போனவரா அதுல வர வாய்ப்பு இருக்கு. பழைய ரோமிங் பில்தான், வேற சட்டை போட்டுக்கிட்டு வருது.

போன் பொய் சொன்னா?

'ஜி.பி.எஸ். எதுக்கு இருக்கு, அதைக் கேட்டா முடிஞ்சதே'ன்னு நீங்க கேக்கலாம். ஜி.பி.எஸ்.ஸோட சிக்கல் வேற. அது போனுக்குள்ள கணக்காகி போன் வாயிலா வர்ற தகவல். போன் வச்சிருக்கிறவர் நினைச்சா மாத்தலாம். 2016-ல போக்கிமான் கோ விளையாட்டு வந்தப்போ, வீட்டுல உட்கார்ந்தே ஊர் சுத்துறதுக்கு போலி ஜி.பி.எஸ். ஆப் போட்ட பசங்க எத்தனை பேர்!

நம்ம உச்ச நீதிமன்றத்துக்கும் இது வந்தது. ஜாமீன்ல விட்ட ஒருத்தர், கூகுள் மேப்புல தன் இடத்தை 'பின்' பண்ணி விசாரணை அதிகாரிக்குக் காட்டணும்னு நிபந்தனை. 2024 ஜூலை 8-ல ஃபிராங்க் வைட்டஸ் வழக்குல நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் பூயான் அமர்வு இதை ரத்து பண்ணிச்சு. எனக்குப் பிடிச்சது, தீர்ப்புக்கு முன்னாடி அவங்க கூகுள்கிட்டயே 'இந்தப் பின் நிஜமா என்ன பண்ணும்'னு கேட்டதுதான். அதை வச்சு ஆளைத் தொடர்ந்து கண்காணிக்க முடியாதுன்னு பதில் வந்தது. அப்போ அந்த நிபந்தனையால பிரயோஜனம் இல்ல. தொடர்ந்து கண்காணிக்கிற மாதிரி நிபந்தனை வச்சா, அது அந்தரங்க உரிமைக்கு எதிரானதுன்னும் சொன்னாங்க.

போனை நம்ப முடியலைன்னதும் உலகம் திரும்ப நெட்வொர்க்கிட்டயே வந்திருக்கு. கமாரான்னு ஒரு பொதுத் திட்டம். அதுல பேங்க் மாதிரி ஆட்கள், "இந்த நம்பர் இந்த இடத்தைச் சுத்தி இத்தனை கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள இருக்கா?"ன்னு நெட்வொர்க்கைக் கேக்கலாம். எங்கே இருக்குன்னு அது சொல்லாது. ஆமா, இல்ல, பாதி பொருந்துது, தெரியாது - இந்த நாலுல ஒண்ணுதான் பதில். நெட்வொர்க்குக்குத் தெரிஞ்ச அளவுக்குக் கேட்டா, அது நேர்மையா பதில் சொல்லும்.

இதுக்கு நம்ம நாட்டுலயே நல்ல உதாரணம் இருக்கு. வெளிநாட்டுல இருந்துக்கிட்டு +91 நம்பர் மாதிரி காட்டி மிரட்டுற மோசடி அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபர்ல ஒரு ஏற்பாடு வந்தது. வெளிநாட்டு வழியா இந்திய நம்பர்ல அழைப்பு வந்தா, அந்த ஆள் இப்போ நிஜமா வெளிநாட்டு ரோமிங்ல இருக்காரான்னு பார்க்கிறது. முதல் 24 மணி நேரத்துலயே 1.35 கோடி அழைப்புகளைப் போலின்னு தடுத்ததா அரசு சொன்னது. 'எந்த நாடு'ங்கிறது அந்த ரோமிங் நோட்டுக்கு நல்லாத் தெரிஞ்ச கேள்வி. அதனால பதிலும் கெட்டி.

இன்னொரு பக்கம், 2025 டிசம்பர்ல வந்த செய்தியையும் பார்க்கணும். டவரை வச்சு துல்லியமாச் சொல்ல முடியலைங்கிறதுக்காக, எல்லா ஸ்மார்ட்போன்லயும் சாட்டிலைட் இருப்பிடத்தை எப்பவும் அணைக்க முடியாதபடி வைக்கணும்னு செல்போன் கம்பெனிகள் சங்கம் யோசனை சொல்லியிருக்கு. ஆப்பிள், கூகுள், சாம்சங் எதிர்த்தாங்க. அதாவது பிறைநிலாவைப் புள்ளியாக்க நாம எல்லாரும் நாள் முழுக்க புள்ளி வச்சுக் கோலம் போட்டுக்கிட்டே திரியணும்.

தெரியாதுங்கிற பதில்

அந்த நாலு பதில்ல 'தெரியாது'வை யாரும் மதிக்கிறதில்ல. எங்களுக்கு அதோட கனம் தெரியும். களியக்காவிளையில இருந்து கடலைப் பார்த்துப் போனா நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்னு ஆழ்கடல் மீனவர் ஊர்கள் வரிசையா இருக்கு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ படகுகள் எந்த டவரும் எட்டாத தூரத்துல நின்னுச்சு. எச்சரிக்கையும் போய்ச் சேரல, பதிலும் வரல. 'தொடர்பு எல்லைக்கு அப்பால்'ங்கிற அந்தக் குரலைத்தான் குடும்பங்கள் நாள் கணக்கா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கடைசியாப் பேசின டவரை வச்சு யாரையும் தேட முடியல. தேடுறதுக்காகவே இந்தத் தொழில்நுட்பம் வேணும்னு நியாயமாக் கேட்டவங்க அவங்க. மீன்பிடிப் படகுகளுக்கு சாட்டிலைட் வழி டிரான்ஸ்பாண்டர் பொருத்துற ஒரு லட்சம் படகுத் திட்டத்தை 2024 ஆகஸ்ட்லதான் தொடங்கி வச்சாங்க.

எனக்குப் படுறது இதுதான். எந்த நாடு, எந்த நெட்வொர்க்னு கேட்டா டவர் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். எந்த வீடு, எந்தப் பக்கத்து ரோடுன்னு கேட்டா அது கண்ணாடி போடாத சாட்சி. ஆபத்து எங்கே வருதுன்னா, முதல் கேள்வியில அது சம்பாதிச்ச நல்ல பேரை ரெண்டாவது கேள்விக்கும் கடன் கொடுக்கிறோம் பாருங்க, அங்கே. அடுத்த தடவை யாராவது "டவர் லொக்கேஷன் காட்டிருச்சு"ன்னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க: எந்த ஆன்டெனா? அது எவ்வளவு தூரம் எட்டும்? போன் யார் கையில இருந்துச்சு?

வாளையார், ஓசூர், புளியரைப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருக்கீங்களா? உங்க ஊர் போனும் இப்படித் தாவுமா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு: சினிமாவுல வர்ற அந்தச் சிவப்புப் புள்ளி மின்னும்போது 'பீப் பீப்'னு சத்தம் வேற வரும். அது எதுக்குன்னு இத்தனை வருஷம் பொட்டி தட்டியும் எனக்கு விளங்கல :-)